இருபது விண்மீன்களே தெரியும் வானம்: கண்ணா, புகையா, விளக்கா?

சிறுவயதில் மொட்டைமாடியில் படுத்து எண்ணி மாளாத விண்மீன்களைப் பார்த்ததாகவும், இப்போது 48 வயதில் அதே மாடியில் நின்று எண்ணினால் இருபதைத் தாண்டுவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். காரணம் வயதான கண்ணா, காற்றில் ஏறிய புகையா, தெருவிளக்குகளா என்று கேட்டுவிட்டு, நல்ல தொலைநோக்கி வாங்கினால் பழைய வானம் திரும்புமா என்றும், இது வானம் பார்ப்பவர்களின் ஏக்கம் மட்டும்தானா, வேறு கேடும் உண்டா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் பலவாகத் தெரிந்தாலும் அவற்றின் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று தோன்றுகிறது: அந்த வானம் போயே போய்விட்டதா, மறைந்து நிற்கிறதா? நான் தொழில்முறை வானியலாளன் அல்லன். ஒளிமாறும் விண்மீன்களின் பொலிவை வெறுங்கண்ணாலும் சிறு தொலைநோக்கியாலும் மதிப்பிட்டுக் குறித்துவைப்பதை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருபவன். அந்த வேலைக்கு, வானம் இன்று எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்பதை ஒவ்வோர் இரவும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால், உங்கள் கேள்வி எனக்குப் பழக்கமான கேள்வி.

விண்மீனின் ஒளி குறையவில்லை. சிறுவயதில் எவ்வளவு வந்ததோ ஏறக்குறைய அவ்வளவும் இன்றும் உங்கள் மாடிக்கு வந்து சேர்கிறது. மாறியது அதன் பின்னால் இருக்கும் திரை. நண்பகலிலும் விண்மீன்கள் வானில் இருக்கவே செய்கின்றன. பின்னணி வெளுத்திருப்பதால் கண் அவற்றைப் பிரித்தறிவதில்லை. நகரத்து இரவில் நடப்பதும் அதேதான், அளவில்தான் வேறுபாடு. வானியலார் விண்மீனின் பொலிவைப் பொலிவெண் என்ற அளவால் குறிப்பார்கள். இதில் எண் கூடக்கூட விண்மீன் மங்கல். 5 எண்கள் கூடினால் ஒளி நூற்றில் ஒரு பங்காகும். வானத்தின் பின்னணி வெளிச்சத்தையும் இதே அளவால் குறிக்கலாம். அதை அளக்கக் கையடக்கக் கருவிகள் உண்டு. உச்சிவானை நோக்கிப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினால் எண் வரும். செயற்கை வெளிச்சம் எட்டாத, நிலவில்லாத வானத்தில் அது 22-ஐ ஒட்டி நிற்கும். வளிமண்டலத்தின் இயல்பான மெல்லொளியும், கோள்களுக்கிடையே உள்ள தூசில் சிதறும் சூரிய ஒளியும் இருப்பதால் எந்த வானமும் முழுக்கக் கருப்பாவதில்லை. பெருநகரின் நடுவில் அதே கருவி 18 என்றோ 17 என்றோ காட்டும். 22-க்கும் 18-க்கும் இடையே நான்குதானே என்று தோன்றும், ஆனால் வெளிச்சக் கணக்கில் அது 40 மடங்கு. முழுநிலா உயர நிற்கும் இரவில் ஊர் விளக்கு எட்டாத வானம் ஏறத்தாழ இந்த அளவுக்குத்தான் வெளுக்கும். அதாவது உங்கள் மாடியில் அமாவாசையே வருவதில்லை.

இதை உங்கள் எண்ணிக்கையோடு பொருத்திப் பார்க்கலாம். நல்ல இருட்டில் பயிற்சியுள்ள கண் 6.5 பொலிவெண் வரை பார்க்கும். வானக்கோளம் முழுவதிலும் அந்த எல்லைக்குள் சுமார் 9,000 விண்மீன்கள் உள்ளன. ஒரு நேரத்தில் பாதி வானமே நமக்கு மேலே இருக்கும், அடிவானத்தை ஒட்டியவை காற்றில் மங்கிவிடும் என்றாலும் இரண்டாயிரத்துக்குக் குறையாமல் தெரிய வேண்டும். எல்லை 4 ஆகச் சுருங்கினால் முழுக்கோளத்திலும் சுமார் 500-தான்; 3 ஆனால் 200-க்கும் குறைவு. கட்டடங்கள் பாதி வானத்தை மறைக்கும் மாடியில் இருபது என்றால், உங்கள் எல்லை ஏறக்குறைய இரண்டரை. மங்கிய விண்மீன்கள்தாம் எண்ணிக்கையில் பெரும்பான்மை என்பதால், எல்லை ஒவ்வொரு படி இறங்கும்போதும் முன்பு தெரிந்தவற்றில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போகிறது. வெளிச்சம் மெல்லத்தான் கூடியிருக்கும். உங்களுக்கோ வானம் திடீரென்று காலியானதுபோல் தோன்றியிருக்கும்.

கண்ணைப் பற்றிய கவலைக்கு வருகிறேன். இளமையில் கண்பாவை இருட்டில் 7 மில்லிமீட்டர் அளவுக்கு விரியும். முதுமையில் 5 மில்லிமீட்டரிலேயே நின்றுவிடலாம். அப்படியானால் கண்ணுக்குள் போகும் ஒளி பாதியாகும். ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: பாவை சுருங்கினால் விண்மீனின் ஒளி குறைவதைப் போலவே பின்னணியின் ஒளியும் அதே விகிதத்தில் குறைகிறது. வெளுத்த வானத்தில் விண்மீன் தெரிவதும் தெரியாததும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது என்பதால், சுருங்கிய பாவையால் அங்கே பெரிய நட்டமில்லை. அந்த நட்டம் உண்மையிலேயே தெரிவது நல்ல இருட்டில்தான். கண்புரை தொடங்கியிருந்தாலோ கண்ணாடியின் பவர் மாறியிருந்தாலோ கதை வேறு. அதைக் கண் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எளிதில் சரிசெய்யக்கூடிய காரணம் இன்னொன்று உண்டு. விழித்திரையில் இருட்டுக்குப் பழகும் கோல் செல்கள் முழுத்திறனை அடைய 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். நடுவில் ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தால் பெரும்பகுதி உழைப்பு வீணாகும். பக்கத்தில் கண்ணுக்கு நேராக ஒரு விளக்கு எரிந்தால் அந்தப் பழக்கமே ஏற்படாது. இன்றிரவு ஒரு சோதனை செய்யுங்கள். அந்த விளக்கை உள்ளங்கையால் மறைத்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பிறகு எண்ணுங்கள். இருபது நாற்பதானால், இழந்ததில் ஒரு பங்கு வானத்தில் இல்லை, எதிர்வீட்டு விளக்கில் இருக்கிறது. எண்ணிக்கை அசையவில்லை என்றால் வானமே வெளுத்திருக்கிறது என்று பொருள்.

புகையும் தூசும் குற்றவாளியின் கூட்டாளிகள். அவை விண்மீனின் ஒளியைக் கொஞ்சம் மட்டுப்படுத்துவது உண்மை. அதைவிடக் கீழிருந்து எழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதில்தான் அவற்றின் பங்கு பெரிது. விளக்கே இல்லாத ஊரில் புகை வானத்தை வெளுக்கச் செய்யாது. மேகம் இதை அழகாகக் காட்டிக்கொடுக்கும். நகரத்தில் மேகமூட்டமான இரவு, தெளிந்த இரவைவிடப் பல மடங்கு வெளிச்சமாக இருக்கும். மேகத்தின் அடிப்பகுதி வெளுத்தோ செம்மஞ்சளாகவோ ஒளிரும். உண்மையான இருட்டுள்ள இடத்திலோ மேகம் விண்மீன்களுக்கு நடுவே கருப்பு ஓட்டையாகத் தெரியும். ஓர் இடத்தின் இருட்டை மதிப்பிடக் கருவி எதுவும் கையில் இல்லாதபோது நான் முதலில் பார்ப்பது மேகத்தின் நிறத்தைத்தான்.

உங்கள் பட்டியலில் மூன்றாவதாக நின்ற விளக்குதான் முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் எத்தனை விளக்குகள் என்பதைவிட, அவை எந்தத் திசையில் எந்த நிறத்தில் ஒளி வீசுகின்றன என்பதே முக்கியம். நேர் மேலே செல்லும் ஒளி வளிமண்டலத்தை விரைவில் கடந்து வெளியேறிவிடும். கிடைமட்டத்திலிருந்து சற்றே உயர்ந்து செல்லும் ஒளி நூறு கிலோமீட்டருக்கும் மேல் காற்றினூடே பயணம் செய்து வழிநெடுகச் சிதறும். தொலைவிலுள்ள சிற்றூரின் வானத்தைக் கெடுப்பது இதுதான். மெர்ல் வாக்கர் என்ற வானியலாளர் 1970-களில் நகரங்களை அளந்து தந்த எளிய விதி ஒன்று உண்டு: வானத்தின் வெளுப்பு மக்கள்தொகைக்கு ஏற்பக் கூடும், தொலைவின் இரண்டரை மடிக்கு ஏற்பக் குறையும். அதன்படி நகரிலிருந்து உங்கள் தூரம் இரட்டித்தால் வெளுப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போகும். விளக்குகள் மாறிவிட்ட இக்காலத்துக்கு அது தோராயமான விதிதான் என்றாலும், எவ்வளவு தொலைவு வண்டி ஓட்டினால் பலன் கிடைக்கும் என்று கணக்குப்போட இன்றும் பயன்படுகிறது.

நிறத்தின் கதை இன்னும் கசப்பானது. காற்று மூலக்கூறுகள் குறைந்த அலைநீளமுள்ள ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கும். பகல் வானம் நீலமாக இருப்பதும் இதனால்தான். பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி 589 நானோமீட்டரை ஒட்டியது, வெள்ளை எல்.இ.டி.யின் அடியிலிருக்கும் நீல ஒளி சுமார் 450. இரண்டையும் ஒப்பிட்டால் நீலம் ஏறக்குறைய மூன்று மடங்கு மிகுதியாகச் சிதறும். போதாக்குறைக்கு, இருட்டுக்குப் பழகிய கண் மஞ்சளைவிட நீலப்பச்சைக்கே கூடுதலாக இசைந்தது. எனவே வாட் கணக்கில் சிக்கனமான விளக்கு, வானத்தின் கணக்கில் செலவாளியாக இருக்க முடியும். மின்சாரம் மிச்சமாகும் என்று சொல்லித்தான் உலகெங்கும் விளக்குகள் மாற்றப்பட்டன, மிச்சமும் ஆனது. ஆனால் ஒளி மலிவானதும் முன்பு விளக்கே இல்லாத சுவர், மதில், மரம், விளம்பரப் பலகை என்று எல்லாவற்றின் மேலும் ஒளி ஏறிவிட்டது. இது தொழில்நுட்பத்தின் குற்றமன்று என்பது என் கருத்து. எல்.இ.டி.யைப் போல மங்கச்செய்யவும், திசைதிருப்பவும், நேரம் பார்த்து அணைக்கவும் எளிதான விளக்கு இதற்குமுன் இருந்ததில்லை. அந்த வசதிகளை நாம் பெரும்பாலும் பயன்படுத்தவில்லை.

எவ்வளவு வேகமாக இது நடக்கிறது என்பதில் இரண்டு எண்கள் உலவுகின்றன. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2017-இல் வெளியான ஆய்வு, 2012 முதல் 2016 வரை விளக்கேற்றப்பட்ட நிலப்பரப்பு ஆண்டுக்கு 2.2% விரிந்ததாகச் சொன்னது. 2011 முதல் 2022 வரை 51,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் தம் கண்ணுக்குத் தெரிந்த விண்மீன்களைப் பதிவுசெய்ததை வைத்து 2023-இல் வெளியான ஆய்வோ, வானத்தின் வெளுப்பு ஆண்டுக்கு 9.6% கூடியதாகச் சொன்னது. அதாவது எட்டு ஆண்டுகளுக்குள் இருமடங்கு. 250 விண்மீன்கள் தெரியும் ஊரில் பிறந்த குழந்தை 18 வயதில் அதே இடத்தில் 100-தான் பார்க்கும் என்பது அந்த வேகத்தின் பொருள். இரண்டும் அளந்தது ஒரே பொருளை அன்று. அந்தச் செயற்கைக்கோளின் கருவி 500 நானோமீட்டருக்குக் குறைவான நீல ஒளியைக் காணாது. மஞ்சள் விளக்கு வெள்ளையானபோது பல ஊர்கள் அதன் கண்ணுக்கு மங்கியதுபோலவே தெரிந்தன. பக்கவாட்டில் போகும் ஒளியும் மேலிருந்து பார்க்கும் கருவிக்குச் சரிவரத் தெரிவதில்லை. தன்னார்வலர்களின் பதிவுகளிலும் குறை உண்டு: பெரும்பாலானவை ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. ஆகவே வானம் வெளுத்துவருவது உறுதி, செயற்கைக்கோள் காட்டுவதைவிட வேகமாக வெளுக்கிறது என்பதும் ஏறத்தாழ உறுதி, 9.6 என்ற எண்ணை எல்லா ஊருக்கும் பொருத்துவது சரியன்று. இன்றைய நிலைக்கு 2016-இல் வெளிவந்த உலக வரைபடம் நல்ல சான்று. அதன்படி உலக மக்களில் 80%-க்கும் மேற்பட்டோர் ஒளிமாசு படிந்த வானத்தின் கீழ் வாழ்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்குத் தம் இருப்பிடத்திலிருந்து பால்வழி தெரியாது.

தொலைநோக்கி வாங்கலாமா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாது. என்ன பார்க்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நிலவு, கோள்கள், இரட்டை விண்மீன்கள் ஆகியவற்றுக்கு ஒளிமாசு பெரிய தடையே இல்லை. தனி விண்மீன்களுக்கும் தொலைநோக்கி உதவும். விண்மீன் எவ்வளவு உருப்பெருக்கினாலும் புள்ளியாகவே இருக்கும், பின்னணியோ உருப்பெருக்கத்தில் பரவி மங்கும். அதனால் வேறுபாடு கூடும். 100 மில்லிமீட்டர் வில்லை வெறுங்கண்ணைவிடச் சுமார் 200 மடங்கு ஒளி திரட்டும் என்பதால், நகர மாடியிலிருந்தே ஆயிரக்கணக்கான விண்மீன்களை அதன்வழியே காணலாம். நானும் என் பணியில் பெரும்பகுதியை அப்படித்தான் செய்கிறேன். ஆண்ட்ரோமெடா போன்ற விண்மீன் மண்டலங்களும் பால்வழியும் வேறு வகை. அவை பரந்த பொருள்கள். உருப்பெருக்கினால் பின்னணி எவ்வளவு மங்குமோ அவையும் அவ்வளவே மங்கும். எவ்வளவு பெரிய தொலைநோக்கியானாலும் அவற்றுக்கும் பின்னணிக்கும் உள்ள விகிதத்தை மாற்றாது. 25 லட்சம் ஒளியாண்டு கடந்துவரும் ஆண்ட்ரோமெடாவின் ஒளி, கடைசிச் சில கிலோமீட்டரில் தெருவிளக்கிடம் தோற்கிறது. நகரத்தில் அதன் நடுப்பகுதி மட்டுமே மங்கிய பஞ்சுத்துண்டாகத் தெரியும்.

கடைக்காரர் ஒளிமாசு வடிகட்டி என்று ஒன்றையும் சேர்த்து விற்கப் பார்ப்பார். சோடியம், பாதரச விளக்குகளின் காலத்தில் அது ஓரளவு வேலை செய்தது. அந்த விளக்குகளின் ஒளி சில குறிப்பிட்ட அலைநீளங்களில் குவிந்திருந்ததால் அவற்றை மட்டும் வெட்டிவிட முடிந்தது. வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறங்களிலும் ஒளி பரப்புவதால் வெட்டுவதற்குத் தனி இடம் இல்லை. 500.7 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய பட்டையை மட்டும் அனுமதிக்கும் ஆக்சிஜன் வடிகட்டி, தானே ஒளிரும் வாயு மேகங்களான நெபுலாக்களுக்கு இன்றும் நன்றாக உதவும். விண்மீன் மண்டலங்களுக்கு அதனாலும் பயனில்லை. அவற்றின் ஒளியும் எல்லா நிறமும் கலந்த விண்மீன் ஒளிதான். அந்தப் பணத்தை இருட்டான இடத்துக்குப் போகும் பயணச்செலவாக வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வேன்.

வேறு கேடு உண்டா என்ற கேள்வியில் உறுதியானவற்றையும் ஐயத்துக்குரியவற்றையும் பிரித்தே பேச வேண்டும். விலங்குகளின்மேல் விளைவு உண்டு என்பது உறுதி. முட்டையிலிருந்து வெளிவரும் கடலாமைக் குஞ்சுகள் உயர்ந்த இருண்ட மணல்மேட்டை விட்டு விலகித் தாழ்ந்த வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஊரும்; இயற்கையில் அது கடல். கரையில் விளக்கு இருந்தால் அவை சாலைக்குப் போகும். நியூயார்க்கில் ஆண்டுதோறும் செப்டம்பர் 11-இல் வானோக்கி ஏற்றப்படும் நினைவு ஒளிக்கற்றைகள், ஆராய்ந்த ஏழு இரவுகளில் 11 லட்சம் வலசைப் பறவைகளைப் பாதித்ததாக 2017-இல் கணக்கிட்டார்கள். விளக்கை அணைத்த சில நிமிடங்களில் அவை கலைந்து தம் வழியே போயின. விட்டிலைப் பற்றி நாம் எல்லோரும் நம்பிவந்த கதையும் அண்மையில் மாறியிருக்கிறது. அது விளக்கின் மேல் கொண்ட மோகத்தால் விழுவதில்லை. 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, அதிவேகக் கேமராவில் படமெடுத்து, பூச்சிகள் பறக்கும்போது தம் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்புவதைக் காட்டியது. இயற்கையில் வெளிச்சமான பக்கம் வானம் என்பதால், எது மேல் என்று அறிய அது போதுமானது. பக்கத்தில் விளக்கு இருந்தால் முதுகை அதன்பால் சாய்த்துச் சாய்த்து அதையே வட்டமடிக்கிறது. விளக்கு கீழே இருந்தால் தலைகுப்புறப் புரண்டு விழுகிறது.

மனிதர் உடல்நலத்தில் நான் எச்சரிக்கையாகவே பேசுவேன்; என் துறை அன்று. மாலைக்குப்பின் கண்ணில் படும் நீலம் கலந்த வலுவான ஒளி உறக்கத்தோடு தொடர்புள்ள மெலட்டோனின் சுரப்பைத் தள்ளிப்போடும் என்பது ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்டது. அதை வைத்துத் தெருவிளக்கால் புற்றுநோய் வரும் என்று தாவுவது சரியன்று. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் புற்றுநோய் வாய்ப்புள்ளதாக வகைப்படுத்தியது இரவுப்பணி முறையை. சன்னலில் விழும் வெளிச்சத்தை அன்று. வெளிச்சம் குறைந்தால் குற்றம் பெருகும் என்ற வாதத்திலும் சான்றுகள் இருபக்கமும் உள்ளன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிப் பகுதிகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு, விளக்கைக் குறைத்ததாலோ அணைத்ததாலோ குற்றமும் விபத்தும் கூடியதற்குச் சான்று காணவில்லை. நியூயார்க்கின் சில குடியிருப்புகளில் வலுவான விளக்குக் கோபுரங்கள் வைத்த ஆய்வு, இரவுநேர வெளிப்புறக் குற்றங்கள் கணிசமாகக் குறைந்ததைக் கண்டது. இருட்டை விரும்புபவர்கள் முதல் ஆய்வை மட்டும் மேற்கோள் காட்டுவதை நான் ஏற்பதில்லை. எனினும், நடப்பவரின் கண்ணைக் கூசச்செய்யும் விளக்கு பாதுகாப்பைக் கூட்டாது, நிழலை மேலும் கருப்பாக்கும் என்பதை உங்கள் உள்ளங்கைச் சோதனையிலேயே காண்பீர்கள்.

திரும்புமா என்ற அடிப்படைக் கேள்விக்கு வருகிறேன். 1994 ஜனவரி 17 விடியற்காலையில் லாஸ் ஏஞ்சலிஸில் நிலநடுக்கம் வந்து மின்சாரம் அறுந்தபோது, வெளியே ஓடிவந்த மக்களில் சிலர் வானம் விசித்திரமாக இருக்கிறதே என்று கிரிஃபித் வான்நோக்ககத்தைத் தொலைபேசியில் கேட்டார்கள். பால்வழியைப் பார்த்து அஞ்சி அவசர உதவி எண்ணையே அழைத்தார்கள் என்று பின்னாளில் அது வளர்ந்துவிட்டது. அந்த ஒட்டுகளை நான் நம்புவதில்லை. அடிப்படைச் செய்தி போதும்: விளக்கு போன நொடியில் வானம் வந்துவிட்டது. மின்வெட்டில்லாமலும் ஓரளவு மீட்கலாம். அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 1958-இலேயே தேடொளி விளக்குகளுக்குத் தடை விதித்து, விளக்குகளுக்கு மூடி, நிறம், அளவு என்று விதிகளை வளர்த்து, 2001-இல் உலகின் முதல் இருள்வான நகரம் என்ற ஏற்பைப் பெற்றது. அமெரிக்காவிலேயே இன்னொரு நகரமான டூசான் தன் தெருவிளக்குகளை மாற்றி, நள்ளிரவுக்குப்பின் மங்கச்செய்து, வானத்தின் வெளுப்பைச் சிறிதளவு குறைத்தது. ஆனால் அங்கே அளந்தபோது, விண்வெளியிலிருந்து தெரியும் வெளிச்சத்தில் தெருவிளக்கின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு; எஞ்சியவை கடைகள், வாகன நிறுத்தங்கள், விளையாட்டுத் திடல்கள், விளம்பரங்கள், வீடுகள். உள்ளாட்சியிடம் தெருவிளக்கைப் பற்றி மட்டும் முறையிட்டால் பாதிக் கிணறுகூடத் தாண்ட முடியாது. எல்லா விளக்குகளும் கீழ்நோக்கி மூடப்பட்டாலும் தரையில் பட்டுத் திரும்பும் ஒளி எஞ்சும். எனவே பெருநகர நடுவில் பால்வழி திரும்பும் என்று நான் சொல்ல மாட்டேன். இருபது நூறாகலாம்.

அதை அறிய எண்ணிக்கையைவிட நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. கார்த்திகைக் கூட்டத்தைப் பழந்தமிழில் அறுமீன் என்றார்கள். அதன் முதல் ஆறு விண்மீன்கள் 2.9 முதல் 4.3 பொலிவெண் வரை அடுக்காக அமைந்தவை. ஏழாவது 5-ஐத் தாண்டிவிடுகிறது. எல்லை இரண்டரை உள்ள உங்கள் மாடியில் அந்த இடம் வெறுமையாகவோ, சற்றே கறைபட்டதுபோலவோ தெரியும். டிசம்பரிலோ ஜனவரியிலோ நிலவில்லாத இரவில் அது உயர ஏறியிருக்கும் நேரமாகப் பார்த்து, நகரிலிருந்து 50 கிலோமீட்டர் தள்ளிப்போய், நகரம் இருக்கும் திசைக்கு முதுகு காட்டி நின்று, அரைமணி நேரம் எந்தத் திரையையும் பார்க்காமல் இருந்துவிட்டு நிமிருங்கள். ஆறும் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தால் அங்கே எல்லை நாலரையை ஒட்டியிருக்கிறது. ஏழாவதும் எட்டாவதும் தட்டுப்பட்டால் உங்கள் கண்ணில் குறையேதும் இல்லை.